10 வயசு லேப்ரடார் நாய், மண்ணீரல்ல கட்டி, ஆபரேஷன் பண்ணலாமா? ப்ளீஸ் சொல்லுங்க

ப்ரூனோ அப்பா:
பதட்டத்துல டைப் பண்றேன். போன வாரம் காலைல வாக்கிங் போய்ட்டு வந்தவன் கேட் பக்கத்துலயே கால் மடங்கி விழுந்துட்டான், ஈறு எல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துருச்சு. உண்ணிக் காய்ச்சலா இருக்கும்னு ஊசி போட்டாங்க, மறுநாளே எழுந்து தயிர்சாதம் சாப்ட்டான், நாங்களும் சரியாயிடுச்சுன்னு இருந்துட்டோம். நேத்து மறுபடி அதே மாதிரி விழுந்தான். ஸ்கேன்ல மண்ணீரல்ல 6 செ.மீ கட்டி, வயித்துக்குள்ள ரத்தம். ஹெமாஞ்சியோசர்கோமாவா இருக்கலாம்ங்குறாங்க. அறுத்து கஷ்டப்படுத்தணுமா, அப்படியே விட்டுடணுமா? ராத்திரி பூரா தூங்கல.

ப்ரவுனி அம்மா:
படிச்சதும் அழுதுட்டேன், எங்க ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இதேதான். இது ரத்தக்குழாய் செல்லுல இருந்தே வர்ற கேன்சர், கட்டிக்குள்ள ரத்தம் கோத்து நிக்கும், லேசா கிழிஞ்சா வயித்துக்குள்ள கசியும், அப்புறம் தானா அடைச்சுக்கும், கொட்டுன ரத்தத்த உடம்பே கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிக்கும், அதான் மறுநாள் வால ஆட்டிக்கிட்டு நிக்குது, நாம ஏமாந்துடுறோம். நம்ம ஊர்ல ஈறு வெளுத்தாலே முதல்ல உண்ணிக் காய்ச்சல்தான் நினைப்பாங்க, உங்க தப்பு இல்ல. நாங்க ஆபரேஷன் பண்ணோம், கீமோ கொடுக்கல, ரெண்டரை மாசம் இருந்தா. அந்த ரெண்டரை மாசமும் சாயந்திரம் ஆனா வாசப்படில என் கால் மேல தலைய வச்சு படுத்துக்குவா. எனக்கு வருத்தமே இல்ல.

வெட் டாக்டர்:
ஸ்கேன் மட்டும் பாத்து கேன்சர்னு முடிவு கட்டாதீங்க. மண்ணீரல் கட்டில சுமார் மூணுல ரெண்டு கேன்சர், அந்த கேன்சர்ல மூணுல ரெண்டு ஹெமாஞ்சியோசர்கோமான்னு ஒரு பழைய கணக்கு உண்டு. ரத்தம் கசிஞ்சிருந்தா சான்ஸ் இன்னும் கூடும், மறைக்கல. ஆனா வெறும் ரத்தக்கட்டியா இருந்தா மண்ணீரல எடுத்ததோட குணம், அத பயாப்ஸிதான், அதாவது எடுத்த கட்டிய டெஸ்ட் பண்றதுதான் சொல்லும். கத்தி வைக்கறதுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே, ஹார்ட் எக்கோ ரெண்டும் கேளுங்க, இது நுரையீரல், கல்லீரல், இதயத்தோட வலது மேல் அறைன்னு பரவும். பரவியிருந்தா நானே ஆபரேஷன் வேணாம்னுதான் சொல்வேன். கேன்சர்னே வந்தா ஆபரேஷன் மட்டும்னா பொதுவா 1–3 மாசம், கூட 3 வாரத்துக்கு ஒருக்கா டாக்சோரூபிசின்ங்குற கீமோ மருந்து போட்டா 4–6 மாசம், ஒரு வருஷம் தாண்டுறது கொஞ்சம்தான். நாய்ங்க கீமோவ நம்மள விட நல்லா தாங்கும். ரத்தம் ஏத்த வேண்டி வரும், 25 கிலோவுக்கு மேல ஆரோக்கியமான நாய் ஒண்ண இப்பவே பாத்து வைங்க. அதுவரைக்கும் மாடிப்படி ஏற விடாதீங்க, சோபாவுல குதிக்க விடாதீங்க.

ப்ரவுனி அம்மா:
ஈற கட்டவிரலால அழுத்தி பாருங்க, 2 செகண்டுக்குள்ள ரோஸ் திரும்பணும். லேட்டானா ராத்திரி ஆனாலும் கிளம்பிடுங்க.

ப்ரூனோ அப்பா:
ரொம்ப நன்றிங்க. எக்ஸ்ரே, எக்கோ நாளைக்கு 10 மணிக்கு. பரவலன்னா ஆபரேஷன்னு வீட்ல பேசிட்டோம். எதிர் வீட்டு ராஜபாளையம் 28 கிலோ, அவங்களே ரத்தம் கொடுக்க கூட்டிட்டு வர்றேன்னுட்டாங்க. இப்பதான் அழுத்திப் பாத்தேன், ரோஸ் வந்துச்சு. என் கைய நக்கிட்டு திரும்பி படுத்துட்டான்.