புதுப்பிப்பு: ஹாம் ரேடியோவில் 40 மீட்டர் பேண்ட் இரைச்சல், திருடன் வீட்டுக்குள்ளேதான்

போன மாசம் இங்கே புலம்பியிருந்தேன்: தர்மபுரி வீட்டில் பொழுது சாய்ந்தால் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள ஹாம் அலைவரிசை) எஸ் 9 இரைச்சல் (ரேடியோவின் சிக்னல் மீட்டர் அளவு; எண் கூடினால் இரைச்சல் கூடுதல்), ஒருத்தர் குரலும் கேட்கவில்லை என்று. தெருமுனை டிரான்ஸ்பார்மர்தான் காரணம் என்று சத்தியமே பண்ணினேன். வாபஸ்.

நீங்கள் சொன்னபடி ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு மெயினை அணைத்தேன். சட்டென்று எஸ் 3. மறுபடி மெயினைப் போட்டு, ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பார்த்ததில் மாட்டியது மாடிப்படி எல்இடி பல்பு. மலிவாகக் கிடைக்கிறதே என்று நானே வாங்கி மாட்டியது! வீட்டம்மா சிரித்த சிரிப்பை எழுத வேண்டியதில்லை.

ஆன்டெனாவையும் புதிதாகக் கட்டினேன். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தலா சுமார் 10 மீட்டர் ஒயர். நடுப்பகுதி தண்ணீர் டேங்க் மேல் மூங்கில் கழியில். ஒரு முனை தென்னைக்கு, மறுமுனை கொல்லை வேலிக்கு. எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு; 1 என்றால் கச்சிதம்) 1.4. எனக்குப் போதும்.

காரில் 2 மீட்டர் பேண்ட் (144 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ரேடியோ செட், கூரை நடுவில் காந்தத்தால் ஒட்டி நிற்கும் அரை மீட்டர் ஆன்டெனா. ஒயரை பேட்டரியிலிருந்தே ஃபியூஸோடு இழுத்துவிட்டேன்; 50 வாட்டில் பேசினால் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், லைட்டர் சாக்கெட்டை நம்பக் கூடாது. தொப்பூர் கணவாயில் இறங்கியதும் மலை மறைத்து, சேலத்து நண்பர் காணாமல் போகிறார். அதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.