புரோகிராமில் கேஸ்டிங் (ஒரு வகை டேட்டாவை இன்னொரு வகையாக எடுத்துக்கொள்ளச் சொல்வது) போட்டு மாட்டிக்கொண்ட கதை இருந்தால் சொல்லுங்கள்

காசிமேட்டான்:
மீன் ஏலத்துக்கு பில் போடும் ஜாவா புரோகிராம். தராசிலிருந்து எடை கிராமில், இன்ட்டாக (பெரிய முழு எண் வகை) வரும். பழைய டேபிளில் எடைக்கு ஷார்ட், அதாவது சின்ன முழு எண் வகை. பெரியது சின்னதில் அடங்காமல் போகலாம் என்று, கோடைச் சரிபார்க்கும் கம்பைலர் கத்தியது. முன்னால் அடைப்புக்குறிக்குள் ஷார்ட் என்று போட்டேன், வாயை மூடிக்கொண்டது. வீட்டில் சோதித்ததெல்லாம் 5 கிலோ, 10 கிலோ. முதல் நாள் விடிகாலை ஒரு கூடை சங்கரா வந்தது, சரியாக 40 கிலோ. பில்லில் மைனஸ் 25.536 கிலோ. கிலோ 300 வீதம் மைனஸ் 7,660 ரூபாய் 80 காசு. அந்த அம்மா பில்லை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, நான் மீன வித்தனா, இல்ல துட்டு குடுத்து கடல்லயே வுட்டனா?" என்றார். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பையன்கூடக் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

திருவொற்றியூர் நைட் ஷிப்ட்:
எனக்கு கிளாஸ் கேஸ்ட் எக்செப்ஷன், பொருந்தாத வகைக்கு கேஸ்ட் செய்தால் ஓடும்போது வரும் எரர். கன்டெய்னர் யார்டு கேட். லிஸ்ட்டில் 'வண்டி' ஆப்ஜெக்ட்கள்; எடுக்கும்போதே டிரெய்லராக கேஸ்ட் செய்திருந்தேன். அங்கே வேறு என்ன வரப்போகிறது? தண்ணி டேங்கர் வந்தது. கேட் கம்பு எழவில்லை. பின்னால் எண்ணூர் ரோடு வரைக்கும் ஹாரன். இன்றைக்கும் ஹாரன் கேட்டால் வயிற்றைக் கலக்கும்.

பெரம்பூர் சீனியர்:
காசிமேட்டான் சொல்வதில் ஜாவா மேல் பழி போடுவது தெரிகிறது. கம்பைலர் கத்தியதே எச்சரிக்கத்தான். ஷார்ட்டின் எல்லை 32,767. அதாவது 32 கிலோ 767 கிராம். அதைத் தாண்டினால் சத்தமில்லாமல் மைனஸுக்குப் போய்விடும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகாமல் வெடித்ததும் இப்படித்தான்: 64 பிட் தசம எண்ணை 16 பிட்டுக்குள் திணித்தார்கள். அது அடா மொழி என்பதால் எரராவது எழுந்தது, பிடிக்கத்தான் ஆளில்லை. என் கதை சின்னது: டபுள் என்ற தசம எண் வகையில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கி இன்ட் போட்டேன்; பெருக்கல் 1999-க்கு ஒரு துளி குறைய, இன்ட் தசமத்தை வெட்ட, 1998 வந்தது. பைசாக் கணக்கில் ஒன்று குறைந்தது. ஆகவே எல்லோரும் செய்ய வேண்டியது: பணத்துக்கு டபுள் வேண்டாம், தசமத்தைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் போடுங்கள்; லாங்கை (இன்ட்டைவிடப் பெரிய வகை) இன்ட் ஆக்க டுஇன்ட்எக்ஸாக்ட், எண் அடங்காவிட்டால் எரர் விடும்; டவுன்காஸ்ட்டுக்கு (பொது வகையை, 'வண்டி'யை டிரெய்லர் ஆக்குவது போல, குறிப்பான வகையாக்குவது) முன் அது அந்த வகைதானா என்று சோதிக்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப். ஜாவா 16 முதல் சோதித்த இடத்திலேயே அந்த வகையில் வேரியபிளும் கிடைத்துவிடும், தனியாக கேஸ்ட் வேண்டாம்.

திருவொற்றியூர் நைட் ஷிப்ட்:
இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டால் மட்டும் டேங்கர் உள்ளே போய்விடுமா சார்? 'டிரெய்லர் இல்லையென்றால்' என்ற எல்ஸில் என்ன எழுதுவது என்பதல்லவா கேள்வி? கேட் திறக்கும் வேலையை 'வண்டி' கிளாஸிலேயே வைத்த பிறகு எனக்கு கேஸ்ட்டே தேவைப்படவில்லை.

காசிமேட்டான்:
அண்ணே, நான் ஜாவாவை எங்கே திட்டினேன்? டேபிளை அன்றைக்கே இன்ட் ஆக்கிவிட்டேன். அந்த அம்மாதான் இன்னும் பில்லை வாங்கி மடித்துவிட்டு, நோட்டிலும் தனியாக எழுதிக்கொள்கிறார்.