கலைச்சொல் உதவி: வைரஸ், பாக்டீரியா (திங்கட்கிழமை அச்சு)

அன்பர்களுக்கு வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான துண்டறிக்கைக்கு இந்த இரண்டுக்கும் தமிழ்ச்சொல் வேண்டும். சிக்கல் ஒரு வரியில்தான்: சளிக்குக் காரணம் வைரஸ், ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். இரண்டையும் 'கிருமி' என்றும் ஆன்டிபயாடிக்கைக் 'கிருமிக்கொல்லி' என்றும் எழுதினால் 'கிருமிக்கொல்லி கிருமியைக் கொல்லாது' என்று வந்து நிற்கிறது.

---

கிருமியே தப்பு ஐயா. வடமொழியில் அது புழு. இராமானுஜரைத் துன்புறுத்தியதாகச் சொல்லப்படும் கிருமிகண்ட சோழன் கதையில் கழுத்தை அரித்ததும் புழுதான். அல்பெண்டசோல் 400 மி.கி. கொடுத்துக் குடற்புழுவை வெளியேற்றுகிறோமே, அதற்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். 'நச்சுயிரி' போடுங்கள். லத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு. நம் விஷத்துக்கு ஒன்றுவிட்ட உறவு.

---

> 'நச்சுயிரி' போடுங்கள்

நஞ்சு சுரப்பது பாக்டீரியா அல்லவா அம்மா? டெட்டனஸ், டிப்தீரியா இரண்டிலும் ஆளைச் சாய்ப்பது அந்த நஞ்சுதான். வைரஸ் செல்லுக்குள் புகுந்து தன்னைப் படியெடுக்கிறது. வெளியே கிடக்கையில் உயிருண்டா என்பதே தீராத வழக்காக இருக்க, 'உயிரி' எப்படி? 1892இல் ரஷ்ய விஞ்ஞானி இவனோவ்ஸ்கி நோயுற்ற புகையிலைச் சாற்றைப் பாக்டீரியா தங்கிவிடும் வடிகட்டியில் விட்டார். வடிந்த சாற்றிலும் நோய் இருந்தது. ஆகவே 'வடிதப்பி'. கொல்லி, மண்வெட்டி போல இகர விகுதி.

---

சோறு வடிக்கிற ஞாபகம் வருகிறது. அது கிடக்கட்டும், பாக்டீரியா கிரேக்கத்தில் சிறு கோல். கோல் + இ = கோலி. முடிந்தது.

---

முடியவில்லை. கோலி என்றால் குண்டு. உருண்டையான காக்கஸ் வகைப் பாக்டீரியாவுக்குத்தான் பொருந்தும். இ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் பெயர் வேறு குழப்பும். அது பெருங்குடலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கோல் வடிவில் இருப்பது தற்செயல்.

---

பொதுப்பெயர் வேண்டுமென்றால் இலங்கையில் 'நோயாக்கி' இருக்கிறது. நுண்ணுயிருக்கு அவர்கள் சொல்லும் 'நுண்ணங்கி' இங்கே எடுபடாது, மெல்லிய சட்டை என்பார்கள். வள்ளுவரின் 'நோய்முதல்' அழகுதான், ஆனால் வாதபித்தமும் நோய்முதலே.

---

நன்றி. இப்படிப் போடுகிறேன்: 'சளி வைரஸால் வருவது. பென்சிலின் பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுவதைத் தடுக்கும். வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது. அதனால் சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம்.' மருந்துக் கடையில் கேட்கிற சொல்லே இருக்கட்டும் என்று நால்வர் எழுதியிருக்கிறீர்கள்.

---

நால்வரில் நான் இல்லை. அடைப்புக்குறிக்குள் ஒருமுறையாவது 'நச்சுயிரி' வரட்டும். அதுவும் ஆகாதென்றால் 'வைரசு' என்றாவது எழுதுங்கள்.