புதுப்பிப்பு: 1000 வாட்டும் அதற்கு மேலும் உள்ள கணினி பவர் சப்ளையும் அதன் பெட்டியும்

முந்தைய இழையில் வாட் கணக்கையும் 80 பிளஸ் முத்திரையையும் (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான சான்று) எழுதியிருந்தேன். அது வரும் அட்டைப் பெட்டியைப் பார்த்தே தரத்தைச் சொல்ல முடியுமா என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

ஓரளவு முடியும். முன்பக்கத்தை விடுங்கள், பக்கவாட்டு அட்டவணையைப் படியுங்கள். 1000 வாட் யூனிட்டில் 12 வோல்ட் ரெயிலுக்கு (அந்த வோல்ட்டில் மின்சாரம் தரும் வழி) 83 ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். 70 என்றிருந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்து 840 வாட்தான். இது ஒன்றே பல பெட்டிகளைக் கழித்துவிடும்.

அடுத்து கனெக்டர். ஏடிஎக்ஸ் 3.1 (பவர் சப்ளைகளுக்கான தரநிலை) என்றால் கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் தரும் 12வி-2எக்ஸ்6 சாக்கெட் இருக்கும். இதில் ப்ளக் சரியாகச் செருகப்பட்டதா என்று காட்டும் சென்ஸ் பின்கள் குட்டை. ப்ளக் முழுதாக இறங்காவிட்டால் கார்டு மின்சாரம் இழுக்காது. இதற்கு முந்தைய வகையான 12விஹெச்பிடபிள்யூஆரில் அரைகுறையாகச் செருகியும் ஓடியது, முனைகள் உருகியதற்கு ஒரு முக்கியக் காரணம். எதுவானாலும் இடைவெளி தெரியாதபடி அழுத்துங்கள், முனையை ஒட்டிக் கேபிளை வளைக்காதீர்கள்.

பெட்டிக்குள் வரும் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள். பழைய யூனிட்டின் கேபிள் சரியாகப் பொருந்தினாலும் பின் வரிசை வேறாக இருக்கலாம். அப்படியானால் எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் கருகிவிடக்கூடும்.

1600 வாட் வாங்குவோர் கவனத்துக்கு: சுவரிலிருந்து எடுப்பதில் 90 சதவீதத்தைக் கணினிக்குத் தரும் யூனிட் என்றால், முழுச் சுமைக்கு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 7.7 ஆம்பியர் இழுக்கும். வீட்டுச் சுவரிலுள்ள 6 ஆம்பியர் சாக்கெட் தாங்காது, 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும்.

இந்தியாவில் வாங்கினால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத பெட்டிக்கு வாரன்ட்டி கேட்பது சிரமம்.