வீட்டுக்குள் செய்த எந்தச் சிறு மாற்றம் உங்கள் அன்றாடத்தை மகிழ்ச்சியாக்கியது? – மலையக அனுபவங்கள்

பொகவந்தலாவையிலிருந்து:

நான் பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றான லயக் காம்பரா ஒன்றில். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை), அதன் மூலையில் விறகு அடுப்பு. அதற்குள் ஏழு பேர் வாழ்ந்தோம். சுவருக்கு எப்போது வெள்ளையடிப்பது என்பதைக்கூடத் தோட்ட நிர்வாகமே தீர்மானித்த அந்த வீட்டில், நாங்களாகத் தேர்ந்தெடுக்க முடிந்தவை சாமித்தட்டும் கலண்டர் மாட்டும் ஆணியும் மட்டுமே. ஆகவே, இந்திய உதவி வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடித் தனி வீடு கிடைத்தபோது, இத்தனை காலம் அடக்கி வைத்திருந்த ஆசை முழுவதையும் முன்னறையில் கொட்டினேன். ஹட்டனுக்குப் பஸ் ஏறிப் போய், கனமான மரூன் நிறத் திரைச்சீலையும் பிளாஸ்டிக் பூங்கொத்துகளும் வாங்கி வந்தேன்; மூன்று கதவு அலுமாரி ஒன்றைத் தவணைக்கு எடுத்தேன்; சுவருக்குச் சாம்பல் கலந்த நீலம் பூசினேன்.

முப்பத்தேழு வருடங்கள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மா அந்த அறையில் ஒரு நாள்கூட அமரவில்லை. விடியற்காலையில் சாயத்தண்ணிக் (பாலில்லாத தேநீர்) கோப்பையை எடுத்துக்கொண்டு பின்வாசற்படிக்குப் போய்விடுவார். குளிர் எலும்பைத் துளைக்கும் ஒரு காலையில், “உள்ள வந்து உக்காருங்களேம்மா” என்று அழைத்தேன். “உள்ள இருட்டா இருக்கு புள்ள. மல தெரியல” என்றார்.

அந்தப் பதில் என்னை வெகுநேரம் உறுத்தியது. மழையிலும் அட்டைக்கடியிலும் வாழ்நாளைக் கழித்தவருக்கு அந்த மலையைத் திரும்பிப் பார்க்கவே பிடிக்காது என்று நானாகவே முடிவு செய்து, கிழக்கு ஜன்னலை அலுமாரியால் மறைத்திருந்தேன். அன்றே அண்ணனையும் அழைத்து அலுமாரியைப் படுக்கையறைக்குத் தள்ளினோம். மரூன் திரையைக் கழற்றிவிட்டு, அம்மாவின் பழைய வாயில் சேலை ஒன்றை ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் தைத்து மாட்டினேன். நிறத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை எங்கள் பக்கத்தை மூடியிருக்கும்; பல நாட்கள் வெயிலே விழாத அந்த மாதங்களில், சாம்பல் நீலச் சுவர் வெளியே நிற்கும் பனிமூட்டத்தை வீட்டுக்குள்ளும் கொண்டு வந்துவிடுகிறது. வெளிர் மஞ்சள் நான்கு லீற்றர் போதுமாயிருந்தது. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன்; அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு அம்மா அங்கே அமர்ந்திருந்தார். நான் அருகே போனதும், “நாலாம் நம்பர் மலையில கவ்வாத்து வெட்டிட்டாங்க, பாத்தியா?” என்று, தேயிலைச் செடிகளைக் கத்தரித்திருந்த இடத்தை விரலை நீட்டிக் காட்டினார். அதன் பின்பு ஒவ்வொரு காலையும் எனக்கு மலைச் செய்தி கிடைக்கிறது. பாடசாலைக்குப் புறப்படுவதற்கு முன் அந்த ஜன்னலோரத்தில் கழியும் பதினைந்து நிமிடங்களைப் போல, நான் காசு கொடுத்து வாங்கிய எந்த அலங்காரமும் என்னை மகிழ்விக்கவில்லை. ஓர் அறையை அலங்கரிக்கும் முன், அங்கே யார், எந்த நேரத்தில் அமரப் போகிறார் என்று கேட்க எனக்குத் தெரியாமற் போயிற்று. உங்கள் வீடுகளில் நடந்ததையும் எழுதுங்கள்.

நுவரெலியாவிலிருந்து:

அக்கா, நிறத்தைப் பற்றி நீங்கள் எழுதியதோடு ஈரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கும் எங்கள் ஊரில், பழைய கருங்கற் சுவருக்குப் பளபளப்பான பெயின்ட் அடித்து இரண்டு முறை ஏமாந்தோம். சுவருக்குள் ஊறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது. பிள்ளையின் கட்டில் பக்கமாகக் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்தது. மூன்றாம் முறை எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, சுண்ணாம்போடு சிறிது காவி கலந்து என் கணவரே பூசினார். சுண்ணாம்பு ஈரத்தை அடைத்து வைக்காது; அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. சந்தனம் குழைத்ததைப் போன்ற அந்தச் சுவரில் எங்கள் மகள் அடிக்கடி கன்னத்தைச் சாய்த்துக்கொள்கிறாள். கொஞ்சம் மாவாக ஒட்டத்தான் செய்யும். அதை நான் தடுப்பதில்லை.

பண்டாரவளையிலிருந்து:

எங்கள் ஊவாப் பக்கம் உங்களுக்கு மாறானது. அங்கே மழை கொட்டும் மாதங்களில் இங்கே கச்சான் காற்று வறண்டு வீசும். ஜன்னலைத் திறந்தால் தூசி வந்துவிடும். எனவே எங்கள் வீட்டின் அழகு முழுவதும் வாசற்படியில்தான் இருக்கிறது. அதற்குக் காரணம் என் அப்பா.

தோட்டத்து லயத்தில் இருந்தபோது அவர் இஸ்தோப்புத் திண்டு நெடுகிலும் பழைய பெயின்ட் வாளிகளில் ஹைட்ரேஞ்சியா வளர்த்தார். அவை வானத்து நீலமாகப் பூக்கும். டவுனுக்குக் குடிவந்ததும் அதே செடிகளின் தண்டுகளை வெட்டி வந்து, புதுச் சீமெந்துச் சாடிகளில், கட்டட வேலையில் மிஞ்சிய மண்ணை நிரப்பி நட்டோம். அடுத்த பருவத்தில் அவை இளஞ்சிவப்பாகப் பூத்தன. பார்த்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள். அப்பா மட்டும் நின்று பார்த்துவிட்டு, “இது நம்ம செடியில்ல” என்று உள்ளே போய்விட்டார்.

பின்பு விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் கேட்டபோதுதான் விளங்கியது. தேயிலை விரும்புவது புளிப்பு மண்ணை. அத்தகைய மண்ணில்தான் அலுமினியத்தைச் செடி உறிஞ்ச முடியும்; அந்த அலுமினியமே பூவை நீலமாக்குகிறது. சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை முறித்துவிட, அதே செடி சிவந்து பூக்கிறது. நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பழைய லயத்துக்குப் போய், பின்புறத்துத் தேயிலை ஓரத்து மண்ணை இரண்டு உரச்சாக்கில் கட்டி, முச்சக்கரவண்டியில் ஏற்றி வந்தேன். சாடிகளை விட்டுப் பழையபடி வாளிகளிலேயே நட்டோம். மறுபருவத்தில் முதற்கொத்து ஊதாவும் நீலமுமாகக் கலந்து விரிந்த காலையில், அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து அமர்ந்தார். தெருவில் போகிறவர்களிடம் அந்தப் பூவுக்கு எந்தத் தோட்டத்து மண் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கம்பளையிலிருந்து:

நான் எழுதப் போவது ஒரு தவற்றைப் பற்றி. எங்கள் பகுதியிலுள்ள பழைய பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய லய அறைகளில் நம்மவர்களின் கருவிகளையும் பாத்திரங்களையும் வைத்திருப்பதைப் பார்த்து நெகிழ்ந்துபோய், பரணில் கிடந்த அம்மாயியின் (அம்மாவின் அம்மா) மூங்கில் கொழுந்துக்கூடையைத் துடைத்து, வார்னிஷ் பூசி, தலைக்கயிற்றோடு முன்னறைச் சுவரில் மாட்டினேன். இப்போது மலையில் பெரும்பாலும் பைகள்தான் என்பதால், பிள்ளைகள் பார்க்கட்டும் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது.

மாமா வீட்டிலிருந்து வந்த அம்மாயி அதை அண்ணாந்து பார்த்தார். உச்சந்தலையில் கயிறு அழுத்தி முடி தேய்ந்த இடத்தை அவருடைய கை தானாகத் தடவியது. “தலையில மாட்டுன கயிற செவத்துல மாட்டாத தம்பி” என்றார். பெருமை என்று நான் நினைத்து மாட்டியது அவருக்குப் பாரமாகவே தெரிந்தது. வாதாட எனக்கு வாய் வரவில்லை, உடனே இறக்கினேன்.

ஆனால் கூடையைத் தூக்கிப் போட அவரும் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, கயிற்றை அவரே அவிழ்த்து அடுப்பில் போட்டார்; கூடையைத் தம் கட்டிலுக்கருகே வைக்கச் சொன்னார். இப்போது அதில் கம்பளிச் சட்டைகளும் என் மகளின் பொம்மைகளும் கிடக்கின்றன. மாலையில் மகள் கேட்கக் கேட்க, அம்மாயி இரு கைகளாலும், மலையில் பறித்த அதே வேகத்தில், பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார்.