எஃப்எம்இ போஸ்ட்ஜிஐஎஸ் ரீடர்: சர்ச் என்வலப் கொடுத்தால் ஒரு ஏரிகூட வரவில்லை

கேள்வி

வணக்கம். தென்னிந்தியா முழுவதற்குமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு, ஓஎஸ்எம்2பிஜிஎஸ்க்யூஎல் (அந்தத் தரவை ஏற்றும் கருவி) வழியாக எச்ஸ்டோர் ஆப்ஷனோடு (தனிக் காலம் இல்லாத டேக்குகளை ஒரே காலத்தில், அதாவது டேபிளின் ஒரே நெடுவரிசையில், வைப்பது) போஸ்ட்ஜிஐஎஸ் டேட்டாபேஸில் ஏற்றப்பட்டிருக்கிறது. அதில் சென்னையைச் சுற்றியுள்ள ஏரி, குளங்களை மட்டும் எஃப்எம்இ ஒர்க்பெஞ்சில் (வரைபடத் தரவை மாற்றியெழுதும் மென்பொருள்) படித்து ஷேப்ஃபைலாக எழுத வேண்டும். டேபிள் பெயர் பிளானட்_ஓஎஸ்எம்_பாலிகான்.

ரீடரை அப்படியே ஓட்டி, பின்னால் டெஸ்டரும் கிளிப்பரும் (வடிகட்டவும் வெட்டவுமான டிரான்ஸ்ஃபார்மர்கள்) வைத்தால் சரியாக வருகிறது. ஆனால் டேபிள் முழுவதையும் இழுப்பதால் நேரம் தின்கிறது. சர்ச் என்வலப்பில் (படிக்க வேண்டிய பகுதியின் எல்லைப் பெட்டி) 80.0, 12.8, 80.4, 13.2 என்று கொடுத்தால் எரர் எதுவும் இல்லை, படித்த ஃபீச்சர் எண்ணிக்கை 0. வேர் கிளாஸில் (வடிகட்டும் நிபந்தனை) natural = 'water' என்பதைக் கொடுத்தால் சின்டாக்ஸ் எரர். (தமிழ் எழுத்தில் சொன்னால் நேச்சுரல் = 'வாட்டர்'.) தமிழ்ப் பெயர்கள் ஷேப்ஃபைலில் கேள்விக்குறிகளாக வருகின்றன. ரீடரில் எதை எதை மாற்ற வேண்டும்?

பதில் 1

என்வலப்பிலிருந்து தொடங்கலாம். ஓஎஸ்எம்2பிஜிஎஸ்க்யூஎல் வேறு சொல்லாவிட்டால் "வே" என்ற ஜியோமெட்ரி காலத்தை 3857 என்ற கோஆர்டினேட் சிஸ்டத்தில்தான் (வெப் மெர்கேட்டர்) ஏற்றும். அதன் அலகு மீட்டர். சர்ச் என்வலப் கோஆர்டினேட் சிஸ்டம் என்ற பெட்டி காலியாக இருந்தால், நீங்கள் கொடுக்கும் எண்கள் டேபிளின் சொந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளப்படும். 80 மீட்டர் கிழக்கு, 13 மீட்டர் வடக்கு என்றால் அது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினியா வளைகுடாவில் இருக்கும் அரை மீட்டர் கடல். அங்கே ஏரி கிடைக்காது, எரரும் வராது.

அந்தப் பெட்டியில் எல்எல்84 (டிகிரி அலகில் அட்ச, தீர்க்கரேகை) என்று தேர்ந்தெடுங்கள். டிகிரி எண்களை அப்படியே விடலாம். நேரடியாக 3857இல் கொடுப்பதென்றால் எக்ஸ் 8905559 முதல் 8950087 வரை, ஒய் சுமார் 1436900 முதல் 1482600 வரை. அதற்குக் கீழேயே இருக்கும் கிளிப் டு சர்ச் என்வலப் "நோ"வில் இருக்கட்டும். "யெஸ்" என்றால் எல்லையில் கிடக்கும் ஏரி பாதியாக வெட்டுப்பட்டு வரும், பரப்பளவும் பெயருக்குத்தான் இருக்கும்.

சின்டாக்ஸ் எரருக்குக் காரணம், நேச்சுரல் என்பது போஸ்ட்கிரெஸில் ஜாயினுக்கு ஒதுக்கப்பட்ட சொல். காலம் பெயரை இரட்டை மேற்கோளிலும் மதிப்பை ஒற்றை மேற்கோளிலும் போடுங்கள். பெட்டிக்குள் "வேர்" என்ற சொல்லை எழுதக் கூடாது, அதை எஃப்எம்இ தானே சேர்த்துக்கொள்ளும்.

நம் ஊர் ஏரிகள் பல லேண்ட்யூஸ் = 'ரிசர்வாயர்' என்றும் குறிக்கப்பட்டிருக்கும். அதையும் "ஆர்" போட்டுச் சேருங்கள், ஆனால் முழு நிபந்தனையையும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பின்னால் இன்னொரு "ஆண்ட்" சேர்ந்தால், அது "ஆர்"ஐவிட முன்னதாகக் கணக்கிடப்பட்டு எங்கெங்கோ உள்ள ஏரியெல்லாம் உள்ளே வந்துவிடும்.

பதில் 2

வேகம் பற்றி. டெஸ்டரும் கிளிப்பரும் வேலையைத் தொடங்குவதற்குள் வரிசைகள் எல்லாம் நெட்வொர்க்கைத் தாண்டி வந்திருக்கும். வடிகட்டுவது டேட்டாபேஸுக்குள்ளேயே முடிய வேண்டும். "வே" காலத்துக்கு ஜிஸ்ட் இண்டெக்ஸை (இடத்தை வைத்து வேகமாகத் தேட உதவும் அட்டவணை) ஓஎஸ்எம்2பிஜிஎஸ்க்யூஎல் தானே போட்டுவிடும், ஆகவே என்வலப் கொடுத்ததுமே பெரும் வித்தியாசம் தெரியும். வேர் கிளாஸ் மட்டும் கொடுத்தால் அந்த அளவு பலன் இல்லை: நேச்சுரல் காலத்துக்கு இண்டெக்ஸ் கிடையாது, டேபிள் முழுவதையும் சர்வர் புரட்டும். இதே வேலை அடிக்கடி வருமென்றால், நேச்சுரல் = 'வாட்டர்' என்ற நிபந்தனையோடு "வே" மேல் ஒரு பார்ஷியல் ஜிஸ்ட் இண்டெக்ஸ் (அந்த வரிசைகளுக்கு மட்டுமானது) போட்டுவிடுங்கள்.

சொந்தமாக எஸ்க்யூஎல் எழுதுவோர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. காலத்தை எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் செய்து (வேறு கோஆர்டினேட் சிஸ்டத்துக்கு மாற்றி) டிகிரிப் பெட்டியோடு ஒப்பிட்டால் இண்டெக்ஸ் பயன்படாது. ஒவ்வொரு வரிசையும் உருமாற்றப்பட்ட பிறகே ஒப்பிடப்படும். பெட்டியை உருமாற்றுங்கள், காலத்தைத் தொடாதீர்கள் (4326 என்பது டிகிரி அலகு):

வே && எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம்(எஸ்டி_மேக்என்வலப்(80.0, 12.8, 80.4, 13.2, 4326), 3857)

குவரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் கொடுத்து, சர்வர் எப்படித் தேடுகிறது என்று பாருங்கள். "சீக் ஸ்கேன்" (டேபிள் முழுவதையும் புரட்டுவது) என்று வந்தால் இண்டெக்ஸ் விடுபட்டிருக்கிறது, அல்லது பெட்டி அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது.

இன்னொன்று, முழு ஓட்டத்தின்போது ஃபீச்சர் கேஷிங்கை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னும் தரவைத் தற்காலிகமாக வட்டில் எழுதிவைப்பது சோதனை செய்யும்போது மட்டுமே உதவும்.

பதில் 3

தமிழ் எழுத்துக்கு வருவோம். ரீடரை மட்டும் ஓட்டி விஷுவல் பிரிவியூவில் பாருங்கள். அங்கே தமிழ் சரியாகத் தெரிந்தால் ரீடரைக் குடைய வேண்டாம், சிக்கல் ஷேப்ஃபைல் ரைட்டரின் கேரக்டர் என்கோடிங்கில் இருக்கிறது. அதை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். கூடவே வரும், என்கோடிங்கைச் சொல்லும் சிபிஜி ஃபைலையும் மற்ற ஃபைல்களோடு சேர்த்தே அனுப்புங்கள், அது இல்லாவிட்டால் திறக்கும் மென்பொருள் என்கோடிங்கை ஊகிக்கத் தொடங்கும்.

அதோடு தீராது. டிபிஎஃபில் (ஷேப்ஃபைலின் பண்புகள் இருக்கும் ஃபைல்) காலத்தின் அகலம் பைட் கணக்கு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். "செம்பரம்பாக்கம் ஏரி" என்ற பெயருக்கே 55 பைட் வேண்டும். அகலம் 50 என்றால் வால் அறுந்துவிடும். அதிகபட்சம் 254தான். காலம் பெயரும் 10 எழுத்தைத் தாண்டாது. பெறுபவர் ஷேப்ஃபைல்தான் வேண்டுமென்று அடம்பிடிக்காவிட்டால் ஜியோபேக்கேஜாகக் கொடுங்கள், இந்தத் தொல்லை எதுவுமே இல்லை.

தமிழ்ப் பெயர் நேம் காலத்தில் எப்போதும் இருக்காது. நேம்:டிஏ என்ற டேக் எச்ஸ்டோர் காலத்துக்குள் கிடக்கும். அதை எடுக்க ரீடருக்குப் பதிலாக எஸ்க்யூஎல்கிரியேட்டர் வையுங்கள். கோஅலெஸ் போட்டு முதலில் டேக்ஸ்->'நேம்:டிஏ', அது இல்லையென்றால் நேம் என்று கேட்டு, புதுக் காலத்துக்கு நேம்_டிஏ என்று பெயர் கொடுங்கள். செலக்டில் "வே"யை மறக்காமல் சேருங்கள். பதில் 2இல் உள்ள பெட்டி நிபந்தனையையும் அங்கேயே எழுதிவிடுங்கள். பிறகு அட்ரிபியூட்ஸ் டு எக்ஸ்போஸ் பகுதியில் பாப்புலேட் ஃப்ரம் எஸ்க்யூஎல் குவரி. இதை விட்டால் மதிப்பு உள்ளே இருந்தும் அடுத்த டிரான்ஸ்ஃபார்மரில் பெயர் தெரியாது.

கேள்வி கேட்டவர்

நன்றி, என்வலப்பும் பெயரும் சரியாகிவிட்டன. இரண்டு விஷயம் பாக்கி. சில ஏரிகள் ஒரே ஓஎஸ்எம்_ஐடியோடு இரண்டு மூன்று வரிசைகளாக வருகின்றன, அந்த எண் மைனஸில் இருக்கிறது. வே_ஏரியா காலத்தைப் பரப்பளவாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1

மைனஸ் எண் என்றால் அது ரிலேஷனிலிருந்து (பல கோடுகளைச் சேர்த்து ஒன்றாகக் குறிக்கும் ஓஎஸ்எம் உறுப்பு) வந்த பாலிகான். தரவை ஏற்றும்போது மல்டி-ஜியோமெட்ரி ஆப்ஷன் கொடுக்காவிட்டால் மல்டிபாலிகானின் ஒவ்வொரு துண்டும் தனி வரிசையாகும். அக்ரிகேட்டரில் குரூப் பை ஓஎஸ்எம்_ஐடி கொடுத்துச் சேர்த்துவிடுங்கள், எண்ணிக்கை சரியாகிவிடும்.

வே_ஏரியா வேண்டாம். அது 3857இன் சதுர மீட்டர். 13 பாகை அட்சத்தில் உண்மையைவிட ஏறத்தாழ 5% கூடுதலாகக் காட்டும். ரீப்ரொஜெக்டரில் இபிஎஸ்ஜி:32644க்கு (யூடிஎம் மண்டலம் 44, மீட்டர் அலகு) மாற்றி, அதன் பின்னால் ஏரியா கால்குலேட்டர் வையுங்கள். கோஆர்டினேட் சிஸ்டம் செட்டரை அங்கே வைத்துவிடாதீர்கள், அது பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், எண்கள் பழையபடியே இருக்கும். நாளை இதே ஒர்க்ஸ்பேஸைக் கோயம்புத்தூருக்கு ஓட்டினால் 32643 கொடுங்கள். 78 பாகைக்கு மேற்கே மண்டலம் 43.