ஸ்டோன்ஹெஞ்ச்: 25 டன் கல்லை எப்படி நிமிர்த்தினார்கள்?

பாரம்தூக்கி:
இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்குக் கற்களை இழுத்து வந்த கதை இருக்கட்டும். கி.மு. 2500 வாக்கில், கப்பியே இல்லாமல், படுத்த கல்லை நிமிர்த்தியது எப்படி? அதன் தலையில் உத்தரக்கல்லை ஏற்றியது எப்படி? "சாய்தளம் போட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.

உளிச்சத்தம்:
சூட்சுமம் குழியில்தான். சுண்ணாம்புப் பாறையை மான்கொம்பால் தோண்டினார்கள். ஒரு பக்கம் சரிவு. எதிர்ப்பக்கம் செங்குத்து, அதையொட்டி மரக்கட்டை வரிசை. கல்லின் அடி இறங்கும்போது சுவரை இடித்துச் சரிக்காமல் காப்பது அந்தக் கட்டைகள்தான். அடிப்பக்கம் போதுமான அளவு குழிக்கு மேல் நீண்டதும் கல் தன் எடையாலேயே உள்ளே கவிழும். ஆனால் முழுசாக நிமிராது, சாய்ந்து நிற்கும்.

மீதியைக் கயிறு போட்டு இழுக்க வேண்டும். தரையில் நின்றபடி நேராக இழுத்தால் விசையில் ஒரு பங்கு கல்லைக் கீழே அழுத்தவே போய்விடும். இரண்டு மரங்களைத் தலைசேர்த்துக் கட்டி, கயிற்றை அந்த உச்சி வழியாகக் கொண்டுபோனால் அந்த நஷ்டம் குறையும். 1990களில் 40 டன் கான்கிரீட் மாதிரியை இந்த முறையில் நிமிர்த்திக் காட்டினார்கள்.

நின்றதும் சுற்றிலும் கல்லும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்க வேண்டும். கல்லைக் கொத்திய சம்மட்டிக் கற்களையே குழிக்குள் போட்டு இறுக்கியிருக்கிறார்கள்!

கழுந்து:
உத்தரக்கல்லுக்கு என் வாக்கு கட்டை அடுக்குக்குத்தான். வெளிவட்டத்தில் மட்டும் 30 உத்தரக்கல். ஒவ்வொன்றுக்கும் மண்மேடு போட்டுக் கலைப்பதென்றால் யாரால் முடியும்? ஒரு முனையை நெம்பிக் கட்டை செருகுவது, பிறகு மறுமுனை. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக்கொண்டே 4 மீட்டருக்கு மேல் போக வேண்டும். அடிப்பாகம் குறுகலாக இருந்தால் அடுக்கு ஆடும்.

நிற்கும் கல்லின் உச்சியில் கழுந்து (துருத்தி நிற்கும் முளை), உத்தரக்கல்லின் அடியில் அது பொருந்தும் துளை. தச்சு வேலை அப்படியே கல்லில். அதனால் அடுக்கு கழுந்தையும் தாண்டி உயர்ந்தாக வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தி, துளை நேராக வந்த பிறகே இறக்க முடியும்.

பாரம்தூக்கி:
அவ்வளவு பக்குவமாகச் செய்தும் சில விழுந்தது ஏன்?

உளிச்சத்தம்:
ஆழம் போதாமல். முக்கல் என்றால் நிற்கும் கல் இரண்டு, மேலே உத்தரக்கல் ஒன்று. அதில் மிகப்பெரியதன் ஜோடியில் 56ஆம் எண் கல் சுமார் 2.4 மீட்டர் புதைந்திருக்கிறது. இணையான 55 நீளம் குறைவு. தலைகள் சமமாக வர வேண்டுமே, அதனால் அதை ஏறக்குறைய பாதி ஆழத்தில்தான் நிறுத்த முடிந்தது. ஈடுகட்ட அடியை அகலமாக விட்டிருந்தார்கள். அப்படியும் விழுந்து இரண்டாக உடைந்தது. 1797இல் இன்னொரு முக்கல் சாய்ந்தது உறைபனி சட்டென்று உருகி மண் இளகியபோது. 1958இல் அதைத் திரும்ப நிறுத்தியபோது கான்கிரீட் போட்டார்கள்.